சமூகவியல் ஆய்வில் பேட்டியும் பங்குபற்றி அவதானித்தலும்: ஒரு விமர்சன நோக்கு

சமூகவியல் ஆராய்ச்சியிலே தரவுகளைத் திரட்டும் வழிகள் பல உள. அவற்றுள் பேட்டி காணலும் பங்குபற்றி அவதானித்தலும் மக்களை நேரே நாடிச் செல்லும் வழிகள் என்ற காரணத்தால் தனிச் சிறப்பு உடையனவாகக் கருதப்படுகின்றன. வினாக்கொத்தின் மூலம் பெறும் விடைகளை எண்ணலாம், அட்டவணைப்படுத்தலாம். ஆனால் மக்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் இடையேயுள்ள தூரத்தை அவை காட்டமாட்டா. அத்தூரத்தை அறிய வேண்டுமாயின் மக்களோடு இருந்து பார்த்தல் வேண்டும், அவர்களைத் தம் சொற்களிலே பேசவிடல் வேண்டும் என்பது இம்முறைகளை ஆதரிப்போர் கூறும் நியாயம். அது மறுக்கற்பாலதன்று.

எனினும், இம்முறைகளைப் பற்றி நம்மிடையே நிலவும் கருத்துகள் இரு துருவங்களில் நிற்கின்றன. ஒரு சாரார் இவற்றை வெறும் உத்திகளாகக் கொள்வர். எவ்வாறு அறிமுகமாதல், எவ்வாறு குறிப்பெடுத்தல், எத்தனை பேரைச் சந்தித்தல் என்பவற்றை முறையாகக் கற்றுக்கொண்டால் உண்மை தானே கைவரும் என்பது அவர்தம் நம்பிக்கை. மற்றொரு சாரார், தனிமனிதர் கூற்றுகளையும் தனியொரு கிராமத்தின் அன்றாட நிகழ்ச்சிகளையும் திரட்டுவதால் சமுதாயத்தின் அடிப்படை இயக்கம் புலனாகாது என்று கூறி, இவற்றை அனுபவவாதம் என ஒதுக்கிவிடுவர். இவ்விரு சாராரும் எழுப்பத் தவறும் வினா ஒன்று உண்டு. ஆய்வாளர் ஒரு கிராமத்துக்குச் செல்கிறார் என்று கூறுகிறோம். அக்கிராமத்திலே அவர் எவருடைய வீட்டுக்குச் செல்கிறார்? ஏற்றத்தாழ்வுள்ள சமுதாயத்திலே எல்லாருக்கும் பொதுவான திண்ணை என ஒன்று இல்லை. பங்குபற்றல் என்பது எப்பொழுதும் சமுதாயத்தின் ஏதோ ஒரு பகுதியிற் பங்குபற்றலே. இவ்வுண்மை ஆய்வின் முடிவுகளை எவ்வாறு பாதிக்கின்றது என்பதைச் சில முக்கியமான ஆய்வுகளைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

பங்குபற்றி அவதானித்தலை ஒரு நெறியாக நிலைநாட்டியவர் மலினோவ்ஸ்கி என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. முதலாம் உலகப் போர்க் காலத்திலே மேற்குப் பசிபிக்கிலுள்ள துரோபிரியாந்துத் தீவுகளில் அவர் நெடுங்காலம் தங்கினார். 1922 இல் வெளியான அவரது நூலின் முன்னுரை, ஆய்வாளர் தம்மின வெள்ளையரின் தொடர்பை விலக்கி, ஆய்வுக்குரிய மக்களின் நடுவே கூடாரமடித்துத் தங்கவேண்டும் என வலியுறுத்திற்று. குடியேற்றநாட்டு அதிகாரியின் விறாந்தையிலே நாற்காலியில் அமர்ந்து, தகவலாளரை அழைப்பித்து வினவும் பழைய வழக்கத்தினின்றும் மானிடவியலை விடுவித்தமை அவருடைய பெரும் பணி.

ஆயின், அவர் காலமான பின்னர் 1967 இல் வெளியிடப்பட்ட நாட்குறிப்பு வேறொரு சித்திரத்தையும் காட்டிற்று. தனிமையும் சலிப்பும், தாம் ஆராய்ந்த மக்கள்மீதே அடிக்கடி எழுந்த எரிச்சலும் வெறுப்பும் அதிலே பதிவாகியிருந்தன. இந்நாட்குறிப்பைக் கண்டு அதிர்ச்சியுற்றோர் பலர். அவ்வதிர்ச்சிக்கு அடிப்படையாக இருந்தது ஒரு தவறான எதிர்பார்ப்பே எனலாம். மக்களின் நடுவே கூடாரமடித்தவுடன் ஆளும் இனத்தவர் என்ற நிலை நீங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பு அது. கூடாரத்தின் இடம் மாறலாம். கூடாரத்துக்கு உரியவரின் சமூக நிலை அதனால் மாறிவிடுவதில்லை.

சமூகவியலிலே இந்நெறிக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது வில்லியம் பூட் வைட் 1943 இல் வெளியிட்ட 'தெருமூலைச் சமுதாயம்' என்ற ஆய்வு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே இத்தாலியக் குடியேற்றவாசிகள் செறிந்து வாழ்ந்த வடமுனைப் பகுதியில் 1936 முதல் 1940 வரை அவர் ஆய்வு நடத்தினார். முதலில் வீடுவீடாகச் சென்று வீட்டு வசதி பற்றி வினவிப் பார்த்தார், அது பயன்தரவில்லை. பின்னர் 'டொக்' என்ற புனைபெயரால் அவர் குறிப்பிடும் இளைஞர் தலைவரொருவரின் நட்புக் கிடைத்தது. வினாக்களைத் தொடுத்துக்கொண்டிராமல் கூட இருந்துவந்தால் விடைகள் தாமே வந்துசேரும் என்று டொக் கூறிய அறிவுரையை வைட் பின்னர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். கேட்க வேண்டுமெனத் தமக்குத் தோன்றியிருக்கவே மாட்டாத வினாக்களுக்கும் அவ்வாறு விடை கிடைத்தது என்பது அவருடைய அனுபவம். பேட்டியின் எல்லையையும் அவதானத்தின் வலிமையையும் இதனினும் சுருக்கமாகக் கூறவியலாது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. வைட்டோடு பழகத் தொடங்கிய பின்னர், முன்பு இயல்பாகச் செய்த காரியங்களையெல்லாம் அவருக்கு எவ்வாறு விளக்குவது என்று எண்ணிப் பார்த்தே செய்யவேண்டியிருக்கிறது என டொக் குறைப்பட்டுக்கொண்டார். அவதானிக்கப்படுபவர் அவதானிப்பவரை அவதானித்துத் தம் நடத்தையை மாற்றிக்கொள்கிறார் என்பதற்கு இது தெளிவான சான்று. மேலும், தெருமூலையிலே கூடுவோர் ஆண்கள். ஆதலின் அச்சமுதாயத்தின் பெண்களும் குடும்ப வாழ்வும் நூலில் மிகக் குறைந்த இடமே பெற்றன. பல ஆண்டுகளின் பின் அப்பகுதிக்குச் சென்று விசாரித்த மரியான் போலன் 1992 இல் எழுதிய விமர்சனத்தில் குடும்பம் புறக்கணிக்கப்பட்டமையை ஒரு முக்கிய குறையாகச் சுட்டினார். அவருடைய குற்றச்சாட்டுகள் அனைத்தையும் ஏற்கவேண்டுமென்பதில்லை. வைட் அவற்றுக்கு மறுமொழியும் கூறினார். எனினும் தெருமூலையின் வழியாக நுழைந்தவருக்குத் தெருமூலையே சமுதாயமாகத் தோன்றியமை வியப்பன்று.

2

நுழையும் வாயில் தரவுகளை எவ்வாறு ஆக்குகிறது என்பதை, கிட்டத்தட்டப் பரிசோதனை ஒன்றினைப் போலவே காட்டுவது ஜெரல்ட் பெரமனின் அனுபவம். இமயமலையடிவாரத்துக் கர்வால் பிரதேசத்திலே, சிர்கந்தா எனத் தாம் பெயரிட்ட கிராமமொன்றில் 1957-58 இல் அவர் ஆய்வு நடத்தினார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக முதலில் அமைந்தவர் சமவெளியைச் சேர்ந்த பிராமண இளைஞர். சில மாதங்களின் பின் அவர் நோய்வாய்ப்பட்டு விலக நேரிட்டது. அவரிடத்துக்கு வந்தவர் முஸ்லிம் ஆசிரியர் ஒருவர். ஆய்வாளர் அவரே, கிராமமும் அதுவே, வினாக்களும் பெரிதும் மாறவில்லை. ஆயின் விடைகள் மாறின.

பிராமணர் உடனிருந்தபொழுது உயர்சாதியினர் அவரோடு தாராளமாகப் பழகினர். ஆனால் சமவெளிப் பிராமணரின் ஆசாரங்களுக்கு ஒவ்வாத தம் வழக்கங்களை, அதாவது மாமிசம் உண்ணுதல், மது அருந்துதல், மிருகபலி கொடுத்தல் முதலியவற்றை, இயன்றவரை மறைத்தனர். தாழ்ந்த சாதியினரோ வாய்திறக்கத் தயங்கினர். தாம் கூறுவன உயர்சாதியினரின் செவிக்கு எட்டிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. முஸ்லிம் ஆசிரியர் வந்த பின்னர் உயர்சாதியினரின் நெருக்கம் குறைந்தது. தாழ்ந்த சாதியினர் ஆய்வாளரின் இருப்பிடத்துக்கு வந்து மனம்விட்டுப் பேசத் தலைப்பட்டனர். உயர்சாதியினர் மறைத்தவை மட்டுமன்றி, சாதியமைப்பைப் பற்றித் தாழ்ந்த சாதியினரின் சொந்த மதிப்பீடும் அதன் பின்னரே வெளிவந்தது.

1962 இல் வெளியிட்ட சிறுநூலிலே பெரமன் இவ்வனுபவத்தை ஒளிவுமறைவின்றி ஆராய்ந்தார். மனிதர் பிறர் முன்னிலையில் தம்மைப் பற்றிய தோற்றமொன்றினைக் கட்டிக்காக்கின்றனர் என்ற கோஃப்மனின் கருத்தை அவர் இதற்குப் பயன்படுத்தினார். கிராமத்தவரும் தம் தோற்றத்தைக் காக்கின்றனர். ஆய்வாளரும் அவ்வாறே செய்கிறார். இங்கு நாம் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. முதல் மொழிபெயர்ப்பாளர் நோயுறாதிருந்தால் பெரமன் தம் தரவுகளிலே குறை எதனையும் கண்டிருக்கமாட்டார். பேட்டிகள் நடைபெற்றிருக்கும், குறிப்பேடுகள் நிரம்பியிருக்கும், நூலும் வெளிவந்திருக்கும். தாழ்ந்த சாதியினரின் மௌனம் அவர்களின் சம்மதமாகவே எண்ணப்பட்டிருக்கும். எத்தனை ஆய்வுகளிலே இவ்வாறு மௌனம் சம்மதமாகப் பதிவாகியுள்ளது என்ற வினா இதிலிருந்து எழுகின்றது.

3

தமிழ் மக்களின் சமுதாயத்தைப் பற்றிய ஆய்வுகளை நோக்கும்பொழுது இவ்வினா மேலும் கூர்மையடைகிறது. தஞ்சை மாவட்டத்தைப் பற்றி இரு முக்கிய நூல்கள் உள. ஒன்று, ஆந்திரே பெத்தெய் 1965 இல் வெளியிட்ட 'சாதி, வர்க்கம், அதிகாரம்' என்ற ஆய்வு. வங்காளத்தைச் சேர்ந்தவரும் டில்லிப் பல்கலைக் கழகத்திலே பணியாற்றியவருமான பெத்தெய், ஸ்ரீபுரம் எனத் தாம் பெயரிட்ட கிராமத்தில் 1961-62 இல் தங்கினார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். பிராமணரல்லாதார் தெருக்களும் ஆதிதிராவிடர் வாழ்ந்த சேரியும் அக்கிரகாரத்தினின்றும் பிரிந்து கிடந்தன. அக்கிரகாரவாசியாகக் கருதப்பட்டமையால் ஏனைய பகுதியினரோடு, குறிப்பாகச் சேரியிலுள்ளோரோடு, விரும்பியவாறு பழக அவரால் இயலவில்லை. பிராமணரைப் பற்றிய தரவுகளே தம்மிடம் செறிவாக உள்ளன என்பதை அவரே நேர்மையோடு ஒப்புக்கொண்டார். 1975 இல் மதனுடன் இணைந்து அவர் பதிப்பித்த களஆய்வு அனுபவத் தொகுதியிலும் இவ்விடர்ப்பாடுகளை எழுதினார்.

பெத்தெயின் மைய வாதம் யாது? முற்காலத்திலே சாதி, நிலவுடைமை, அதிகாரம் ஆகிய மூன்றும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. உயர்ந்த சாதியினரிடமே நிலமும் அதிகாரமும் இருந்தன. இன்று நிலம் சந்தைக்கு வந்துள்ளது. பஞ்சாயத்தும் அரசியற் கட்சிகளும் தோன்றியுள்ளன. அதிகாரம் பிராமணரிடமிருந்து பிராமணரல்லாதாரிடம் பெயர்ந்துள்ளது. எனவே மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று விலகத் தொடங்கியுள்ளன என்பது அவ்வாதம். நுண்ணிய தரவுகளோடு நிறுவப்பட்ட வாதம் அது. ஆதிதிராவிடர் இவ்வதிகாரப் பெயர்ச்சியிற் குறிப்பிடத்தக்க பங்கு பெறவில்லை என்பதையும் அவர் கூறாமல் விடவில்லை.

ஆயினும் ஓர் ஐயம் எழுவது தவிர்க்கவியலாதது. அதிகாரம் கைமாறியமை அக்கிரகாரத்திலிருந்து நோக்குபவருக்கு ஒரு யுகமாற்றமாகத் தோன்றும். அங்கு இழப்பு அன்றாடம் உணரப்படுகிறது, பேசப்படுகிறது. சேரியிலிருந்து நோக்குபவருக்கு அதே நிகழ்ச்சி எசமானர் மாறியதாக மட்டும் தோன்றலாம். நிலமும் அதிகாரமும் பிரிந்துவிட்டனவா, அல்லது அவை புதிய கைகளிலே மீண்டும் இணைகின்றனவா என்ற வினாவுக்கு வயலில் இறங்கி உழைப்பவர் கூறும் விடை வேறாக இருத்தல் கூடும். பெத்தெயின் முடிவு பிழை என்று நாம் இங்கு கூறவில்லை. அம்முடிவின் அழுத்தம், அது பெறப்பட்ட இடத்தோடு தொடர்புடையது என்றே கூறுகிறோம்.

கத்லீன் கஃப் 1951-53 காலப்பகுதியிலே அதே மாவட்டத்தில், கும்பப்பேட்டை, கிரிப்பூர் எனத் தாம் பெயரிட்ட இரு கிராமங்களை ஆராய்ந்தார். முன்னதிலே பிராமண நிலவுடைமையாளரின் ஆதிக்கம் நிலவிற்று. கீழைத் தஞ்சையிலிருந்த பின்னதிலே விவசாயத் தொழிலாளரிடையே கம்யூனிஸ்டுகளின் அமைப்பு வேரூன்றியிருந்தது. அவருடைய விரிவான நூல் 1981 இலேதான் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்திலே மார்க்சியக் கண்ணோட்டத்தை வரித்துக்கொண்ட கஃப், 1968 இல் மானிடவியலை ஏகாதிபத்தியத்தின் குழந்தை என்று கண்டித்தவர். தம் பழைய குறிப்புகளையே அவர் புதிய வினாக்களோடு மீண்டும் படித்தார். முன்பு சாதிகளுக்கிடையேயான சடங்குறவாக எழுதப்பட்டவை இப்பொழுது உற்பத்தி உறவுகளாகவும் உபரி பறிக்கப்படும் வழிகளாகவும் புலப்பட்டன. 1976 இல் அக்கிராமங்களுக்கு அவர் மீளவும் சென்றார். களக்குறிப்பு என்பது தானே பேசும் பொருளன்று. கேட்கப்படும் வினாவுக்கேற்பவே அது விடையளிக்கிறது என்பதற்கு இது தக்க உதாரணம்.

அக்கிரகாரத்தை விடுத்துச் சேரிக்குச் சென்றுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? முற்போக்காளர் பலர் அவ்வாறு எண்ணுவர். ஜோன் மென்சர் 1974 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அவ்வெண்ணத்துக்கு வலுவூட்டுவது. செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்களிடையே தாம் நடத்திய ஆய்வின் அடிப்படையில், சாதியைக் கீழிருந்து நோக்கினால் அது பொருளாதாரச் சுரண்டலின் அமைப்பாகவே தென்படுகிறது என்று அவர் வாதிட்டார். தூய்மை, தீட்டு என்னும் கருத்தியலைச் சாதியின் உயிர்நாடியாகக் கொண்ட லூயி துய்மோனின் கோட்பாடு மேலிருந்து நோக்கியோரின் கோட்பாடு என்பது அவருடைய விமர்சனம். ஆனால் அதே மாவட்டத்திலே, ஒடுக்கப்பட்டோரின் குடியிருப்பொன்றையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட மைக்கல் மொஃபற் 1979 இல் நேர்மாறான முடிவை வெளியிட்டார். அம்மக்கள் தம்மை விலக்கிவைக்கும் அமைப்பின் விழுமியங்களைத் தாமும் ஏற்று, தமக்குள்ளேயே அவ்வமைப்பை மீளவும் படைத்துக்கொள்கின்றனர் என்பது அவர் கருத்து.

இருவரும் கீழிருந்தே நோக்கினர். எனினும் இருவேறு காட்சிகளைக் கண்டனர். மென்சர் கூலி, நிலம், உழைப்பு ஆகியவற்றைப் பெரிதும் கருத்திற் கொண்டார். மொஃபற் சடங்கு, தெய்வ வழிபாடு, உட்பிரிவுகளின் வரிசைமுறை ஆகியவற்றைப் பெரிதும் ஆராய்ந்தார். ஒரே மனிதர் கோயிலிலே ஒரு முறையை ஏற்று நடப்பதும், களத்து மேட்டிலே கூலிக்காக வாதாடுவதும் இயல்பு. ஆகவே எங்கே இருந்து நோக்குகிறோம் என்பதோடு, எந்த வேளையில், எந்தச் செயலை நோக்குகிறோம் என்பதும் முடிவை நிர்ணயிக்கிறது. ஒடுக்கப்பட்டோரின் வாய்மொழி என்பதற்காக அதனை ஆராயாது ஏற்பதும், ஆதிக்கத்தினரின் வாய்மொழியை ஆராயாது ஏற்பதைப் போன்ற குறையே. 1968 டிசம்பர் 25 ஆம் நாள் கீழைத் தஞ்சையிலே கீழ்வெண்மணியில், கூலிப் பிணக்கின் தொடர்ச்சியாக 44 பேர் குடிசையொன்றினுள் எரித்துக் கொல்லப்பட்டனர். ஏற்பும் எதிர்ப்பும் ஒரே மக்களின் வாழ்விலே எவ்வாறு ஒருங்கே உறைகின்றன என்பதை விளக்காத ஆய்வு அத்தகைய நிகழ்ச்சியின் முன் மௌனமாகவே நிற்கும்.

எம். என். ஸ்ரீநிவாஸின் அனுபவமும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. மைசூரைச் சார்ந்த ராம்புரா கிராமத்தில் 1948 இல் அவர் ஆய்வு நடத்தினார். ஊர்த்தலைவருக்கு உரிய வீட்டிலேயே தங்கினார்; பிராமணராகையால் பிராமணருக்குரிய ஒழுக்கத்தையே ஊரார் அவரிடம் எதிர்பார்த்தனர். 1970 ஏப்பிரலில் ஸ்டான்போர்டிலே அவர் பணியாற்றிய நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டபொழுது, பல்லாண்டு உழைப்பில் உருவான அவருடைய களக்குறிப்புகளின் பிரதிகள் எரிந்தன. பின்னர் நினைவிலிருந்தே பெரும்பகுதியை எழுதி, 1976 இல் 'நினைவில் வாழும் கிராமம்' என்ற பொருள்படும் தலைப்பிலே நூலாக்கினார். ஒடுக்கப்பட்ட சாதியினரோடு தாம் போதிய அளவு பழகவில்லை என்பதை அந்நூலிலே அவர் ஏற்றுக்கொண்டார். குறிப்பேடு எரிந்தால் நினைவிலிருந்து ஓரளவேனும் மீட்கலாம். தொடக்கத்திலேயே கேளாது விட்டவற்றை எந்த நினைவிலிருந்தும் மீட்கவியலாது.

4

இடத்தைப் போலவே மொழியும் ஆய்வுறவை நிர்ணயிக்கிறது. தமிழிலே ஒருவரை முன்னிலைப்படுத்தி வினாவொன்றைக் கேட்கத் தொடங்கியவுடனேயே அவருடைய தகுதியைத் தீர்மானித்துவிடுகிறோம். நீ, நீர், நீங்கள் என்ற மூன்றில் ஒன்றைத் தெரியாமல் வாக்கியத்தை முடிக்கவியலாது. நிலவுடைமையாளரிடம் 'நீங்கள் எவ்வளவு கூலி கொடுக்கிறீர்கள்?' என்று வினவிய ஆய்வாளர், அவரிடம் வேலை செய்பவரிடம் 'உனக்கு என்ன கூலி கிடைக்கிறது?' என்று வினவினால், இரண்டாவது வினாவுக்குரிய விடை அக்கணத்திலேயே பாதி எழுதப்பட்டுவிட்டது. கேட்பவர் எசமானர் பக்கத்தவர் என்பதை வினாவின் வடிவமே அறிவித்துவிட்டது. 'ஐயா சொல்வது சரி' என்ற விடை வரும். அது ஒரு கருத்தாக அட்டவணையிலே இடம்பெறும்.

இதற்கு மறுதலையாக, 'நீங்கள்' என்று விளிக்கப்பட்டுப் பழகாத முதியவர் ஒருவரை மேற்சட்டை அணிந்த இளைஞர் திடீரென அவ்வாறு விளித்தால், அவர் கூச்சமடைந்து ஒதுங்குவதும் உண்டு. சுற்றியுள்ளோர் அதனைக் கவனிக்கின்றனர் என்பதை அவர் அறிவார். மரியாதைச் சொல் ஒன்றினால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. ஆயினும் யார் யாரை எவ்வாறு விளித்தார், எப்பொழுது அவ்விளி மாறிற்று என்பன குறித்துவைக்கப்பட வேண்டிய முதன்மையான தரவுகள். களக்குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் நம் பல்கலைக் கழகங்களில் இன்னும் மறையவில்லை. அம்மொழியிலே மூன்று முன்னிலைகளும் ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு வாக்கியத்தினின்றும் துடைக்கப்பட்ட பின்னரே ஆய்வாளரின் மேசைக்கு வந்துசேர்கிறது. பேட்டியைத் தமிழிலேயே, பேசியவாறே பதிதல் வேண்டும் என்று கூறுவது வெறும் மொழிப்பற்றினால் அன்று. ஆய்வின் துல்லியம் கருதியே.

5

நமது நாட்டைப் பொறுத்தவரை இவ்விவாதம் தூரத்து விவாதமன்று. 1960 இல் எட்மண்ட் லீச் பதிப்பித்த சாதியமைப்புப் பற்றிய தொகுதியிலே கஃப் எழுதிய தஞ்சைக் கிராமக் கட்டுரையும், மைக்கல் பேங்ஸ் எழுதிய யாழ்ப்பாணச் சாதியமைப்புக் கட்டுரையும் அருகருகே இடம்பெற்றன. பேங்ஸின் கட்டுரை இன்றும் பயன்தருவது. ஆனால் அது அமைப்பின் ஒழுங்கை விளக்கும் கட்டுரையேயன்றி, அவ்வொழுங்கினுள் உறைந்த எதிர்ப்பை விளக்கும் கட்டுரையன்று. எட்டு ஆண்டுகளின் பின், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் வெடித்தது. அப்போராட்டத்தின் வேர்களை அறிய விரும்புபவர் மானிடவியற் கட்டுரைகளைக் காட்டிலும் கே. டானியலின் நாவல்களிலேதான் மிகுதியான செய்திகளைப் பெறுவர். டானியல் தாம் எழுதிய வாழ்வின் உள்ளிருந்து எழுதியவர். அவர் எவருடைய திண்ணையிலும் விருந்தினராக இருந்து அதனைக் கண்டவரல்லர். நாவல் ஆய்வுக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆனால் நாவலாசிரியர் கண்டதை ஆய்வாளர் ஏன் காணவில்லை என்று வினவுவது ஆய்வுக்கே நன்மை பயப்பது.

லீச் 1954 இல் வடமத்திய மாகாணத்துப் புல் எலியாவிலே நடத்திய ஆய்வு வேறொரு வகையிலே நமக்கு வழிகாட்டுகிறது. உறவுமுறை பற்றி மக்கள் கூறியவற்றை மட்டும் அவர் நம்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலம் முதலான நிலப் பதிவுகளை எடுத்து, வயல் துண்டு ஒவ்வொன்றும் எவரிடமிருந்து எவருக்குக் கைமாறிற்று என்பதைத் தொடர்ந்து பார்த்தார். உறவு பற்றிய பேச்சுக்கும் நிலம் சென்ற பாதைக்கும் இடையே உள்ள வேறுபாட்டிலேயே அவருடைய ஆய்வின் சாரம் பிறந்தது. பேட்டியையும் அவதானத்தையும் ஆவணத்தோடு மோதவிடும் இம்முறை, ஆய்வாளர் எத்திண்ணையில் அமர்ந்தாலும் அவருக்கு ஒரு கடிவாளமாக உதவும்.

பேட்டிக்கு மற்றொரு எல்லையும் உண்டு என்பதை வலன்ரைன் டானியல் எழுதிய நூலொன்று உணர்த்துகிறது. மலையகப் பெருந்தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டும் நோக்குடன் வந்த அவர், 1983 வன்செயலின் பின்விளைவுகளுக்கு முகங்கொடுக்க நேர்ந்தது. பாடல்களைத் தேடி வந்தவரிடம் மக்கள் கொலைகளைப் பற்றிப் பேசினர். 1996 இல் வெளியான அவரது நூலிலே, தந்தை கொடூரமாகக் கொல்லப்பட்டதைக் கண்ட மகளொருத்தி, அதனை உலகுக்குச் சொல்லுமாறு முதலில் வேண்டிக்கொள்கிறாள். பின்னர், தந்தையின் கண்ணியம் கருதி, எவருக்கும் சொல்லவேண்டாம் என்கிறாள். இவ்விரு வேண்டுகோள்களுள் எது அவளுடைய உண்மையான விருப்பம்? இரண்டுமே. பேட்டிக்கு முன் ஒருமுறை பெறும் சம்மதக் கையொப்பம் இத்தகைய நிலைமையைத் தீர்த்துவைக்காது. ஒருவர் கூறியது அவருடைய உடைமையாகவே தொடர்ந்து இருக்கிறது என்ற உணர்வு ஆய்வாளருக்கு இருத்தல் வேண்டும்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009 இல் போர் முடிவுற்ற பின்னரும், நம் வடக்குக் கிழக்கு மக்கள் கணக்கெடுப்பாளர் பலரைக் கண்டுவிட்டனர். எவ்விடை கூறினால் நிவாரணம் கிடைக்கும், எவ்விடை கூறினால் விசாரணை வரும் என்பதை அவர்கள் நன்கு கற்றுள்ளனர். அவர்களுடைய விடைகளைப் பொய் என்று கொள்வது அறியாமை. அவை, வினவுவோரைப் பற்றி மக்கள் செய்த ஆய்வின் முடிவுகள்.

6

இதுவரை கூறியவற்றைக் கொண்டு இம்முறைகளைக் கைவிடவேண்டும் என எவரும் கருதுதல் கூடாது. வினாக்கொத்துக்குத் திரும்புவதால் இச்சிக்கல் மறைந்துவிடாது. அங்கு அது எண்களின் பின்னே ஒளிந்துகொள்ளும், அவ்வளவே. கோட்பாட்டை மட்டும் கொண்டு களத்துக்குச் செல்லாமலே சமுதாயத்தை விளக்கிவிடலாம் என்பதும் பயனற்ற துணிபு. மார்க்ஸ் தம் இறுதிக் காலத்திலே, 1880 இல், பிரெஞ்சுத் தொழிலாளருக்கென ஏறத்தாழ நூறு வினாக்கள் கொண்ட வினாக்கொத்தொன்றைத் தயாரித்தார் என்பதை இங்கு நினைவுகூரலாம். தம் துன்பங்களைத் தொழிலாளரே முழுமையாக எடுத்துரைக்க வல்லவர் என்ற எண்ணம் அம்முயற்சியின் அடிப்படையாக இருந்தது.

நமது மாணவர் ஒருவர் களஆய்வுக்காகத் தோட்டமொன்றுக்குச் செல்கிறார் எனக் கொள்வோம். அவர் முகாமையாளரின் அனுமதியோடு செல்லலாம். தொழிற்சங்கத் தலைவரின் அறிமுகத்தோடு செல்லலாம். பாடசாலை ஆசிரியரின் வீட்டிலே தங்கலாம். லயன் குடும்பமொன்றின் உறவினராகவே செல்லலாம். இந்நான்கு வாயில்களும் நான்கு வேறு தோட்டங்களைக் காட்டும். அவற்றுள் எது உண்மையான தோட்டம் என்பது பொருளற்ற வினா. எந்த வாயிலாகச் சென்றேன், அதனால் எவர் என்னோடு பேசினர், எவர் பேசவில்லை, பேசியபொழுது அருகில் இருந்தோர் யாவர், எம்மொழியில், எவ்விளியோடு உரையாடல் நிகழ்ந்தது என்பவற்றை மாணவர் தம் ஆய்வேட்டிலே பதிவுசெய்தல் வேண்டும். இன்று இவை முன்னுரையிலே நன்றி கூறும் பகுதியில் ஓரிரு வரிகளாக அடங்கிவிடுகின்றன. அனுமதியளித்தமைக்கு முகாமையாளருக்கும், விருந்தோம்பியமைக்கு ஆசிரியருக்கும் நன்றி தெரிவிக்கப்படுகிறது. உண்மையிலே அவ்வரிகள் ஆய்வுமுறை பற்றிய இயலுக்கு உரியன.

இதற்கு அடுத்த படி, முதலிற் சென்ற வாயிலினின்றும் வேறுபட்ட மற்றொரு வாயிலால் மீண்டும் ஒருமுறை செல்லுதல். பெரமனுக்கு நோயினால் தற்செயலாக வாய்த்ததை நாம் திட்டமிட்டுச் செய்தல் இயலும். பெண் ஆய்வாளரும் ஆண் ஆய்வாளரும், உள்ளூரவரும் வெளியூரவரும் இணைந்து செயற்படும் குழு ஆய்வு நம் துறைகளிலே அரிதாகவே நடைபெறுகிறது. ஆய்வேடு தனியொருவரின் பட்டத்துக்குரியது என்ற நிருவாக ஒழுங்கு இதற்குத் தடையாக உள்ளதாயின், மாற்றப்பட வேண்டியது அவ்வொழுங்கே. பெறப்பட்ட முடிவுகளை அம்மக்களிடமே கொண்டுசென்று, அவர்களுக்கு விளங்கும் தமிழிலே கூறி, அவர்களுடைய மறுப்பையும் ஆய்வேட்டிலே சேர்த்தல் மூன்றாவது படி. இதனால் ஆய்வின் புறநிலைத்தன்மை குன்றிவிடும் என அஞ்சுவோர் உளர். ஆய்வாளரின் சமூக நிலையை மறைத்துவைப்பதால் மட்டும் புறநிலைத்தன்மை உண்டாகிவிடாது. அதனை வெளிப்படுத்தி, பிறர் சரிபார்க்கக் கூடியதாக ஆக்குவதிலேயே அது உண்டாகிறது.

மக்களிடம் செல்லுதல் என்ற தொடர் முற்போக்காளரிடையே பெருவழக்காக உள்ளது. செல்வது நற்செயலே. ஆனால் நாம் சென்றமர்ந்த திண்ணை எவருடையது என்பதை நாம் எழுதத் தவறினாலும், அவ்வூரின் மறுகோடியிலே வாழ்பவர் அதனை அன்றே அறிந்துவைத்திருப்பர். அவர் நம்மிடம் கூறியதும் கூறாது விட்டதும் அவ்வறிவின் வழிப்பட்டனவே என்பதை உணர்ந்து செய்யப்படும் ஆய்வே அவருக்கும் நமக்கும் பயன்படும்.